கைவிடாதவன்

மெழுகுக்காரனின் வலது கை அவன் மனைவியின் வலது தோளில் ஒட்டிக்கொண்டு இந்த வருஷத்தோடு ஒன்பது வருஷம் ஆகிறது. ஒட்டியபோது காலை பத்தே கால் மணி. அவள் பெட்டியும் கையுமாக வாசற்படியைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

ஏன் தாண்டினாள் என்று சொல்ல எனக்கே குமட்டுகிறது. சொல்லாமல் விட்டால் ஊர் அவளைத்தான் குறை சொல்லும். தோல் தைக்கும் நூலுக்குப் பூசுகிற மெழுகு செய்வது அவன் தொழில். குங்கிலியம், தேன்மெழுகு, மாட்டுக்கொழுப்பு மூன்றையும் உருக்கி, சாக்குத்துணியில் வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் ஊற்றி, கெட்டிப்படும் முன் அள்ளி, கறுப்பு போய்ப் பொன்னிறம் வரும்வரை இழுத்து இழுத்து மடிக்க வேண்டும். சுத்தமான ஆள் செய்தால் சுத்தமான வேலைதான். இவன் பதம் பார்ப்பது வாயில். ஒரு உருண்டையைப் பிய்த்து மெல்லுவான். பல்லில் ஒட்டினால் குங்கிலியம் அதிகம், வழவழத்தால் கொழுப்பு அதிகம். மென்றதை எச்சிலோடு சட்டியிலேயே துப்பிக் கிண்டிவிடுவான். கையைத் தலையில் துடைப்பான். காலையில் எழுந்தால் தலையணையும் கூடவே எழும். அவள் பைகளும் செருப்புகளும் தைப்பவள். அந்த எச்சில் மெழுகில் உருவிய நூலைத்தான் பதினாலு வருஷம் உதட்டில் வைத்து ஊசியில் கோத்தாள். அடச்சே! அதையும் பொறுத்துக்கொண்டாள். சோறு வடிக்கும் பானையிலேயே கொழுப்பை உருக்கினான், அதையும் பொறுத்துக்கொண்டாள். அன்று காலை அவள் தட்டில், சோற்றுக்கு நடுவே, மென்ற மெழுகு உருண்டை ஒன்று கிடந்தது. அதில் அவனுடைய கடைவாய்ப்பல் ஒன்று வேரோடு பதிந்திருந்தது.

"அட, இதைத்தான் காலைலேர்ந்து தேடிட்டிருக்கேன்" என்று அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவன் மெழுகு இழுக்கப் போய்விட்டான். அவள் பெட்டியை எடுத்தாள்.

மெழுகு இழுக்கிறவர்களுக்கு ஒரே ஒரு விதி: ஈரக்கையோடுதான் தொட வேண்டும். ஈரத்தில் மெழுகு வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த கை பட்டால் உடும்புப்பிடி. அவள் கிளம்புவதைப் பார்த்ததும், பிறந்ததிலிருந்து இல்லாத சுத்தம் அன்றைக்குப் பார்த்து வந்து, உள்ளங்கையைத் துண்டில் நன்றாக ஈரம் போகத் துடைத்தான். மெழுகு மட்டும் போகவில்லை. ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான். அவ்வளவுதான்.

வெந்நீர் ஊற்றினார்கள், எண்ணெய் விட்டார்கள். வைத்தியர் கத்தியைக் காய்ச்சி வைத்துப் பார்த்தார், கத்தியும் ஒட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கவே அரைநாள் ஆயிற்று. அதன்பிறகு இரண்டு வருஷம் இருவரும் முன்னும் பின்னுமாகத்தான் கடைக்குப் போனார்கள், அப்படியேதான் படுத்தார்கள். அந்தக் கை வேர்த்தது, நாறியது, ஈ மொய்த்தது. நகத்தையும் அவள்தான் வெட்டினாள். "கை உங்கிட்ட இருக்கே, நீயே ஊட்டிவிடு" என்று அவன் வாயைத் திறந்து உட்கார்ந்துவிட்டான். தெருப் பெண்களுக்கோ கண் கலங்கியது.

"கைப்பிடிச்சவன்னா இப்படியில்ல இருக்கணும். உன்னை என்னைக்குமே கைவிட மாட்டாரு."

"ஒரு நாள் உங்க தோள்ல வாங்கிக்குங்களேன்க்கா" என்றாள். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம், ஊட்டிக்கொண்டிருந்தவள் பாதிச் சோற்றில் எழுந்து நடந்தாள். அவனுக்கு எழுந்திருக்கச் சோம்பல். எழவில்லை, கை நீண்டது. முழங்கைக்கு மேலே கறுப்பாக இருந்தது, இழுபட இழுபடப் பொன்னிறமாகி, தண்ணீர்க் குழாயைக் கடந்து, பாலத்தைக் கடந்து, அவளுடைய அக்கா வீடுவரை வந்தது.

"என்னடி இது?" என்றாள் அக்கா.

"அவர் கை."

"ஆளு?"

"வீட்ல உக்காந்திருக்கார்."

அக்கா தெருக்கோடிவரை எட்டிப் பார்த்தாள். "சரி, உள்ள வா. கதவு முழுசா சாத்தாது, பரவால்ல."

அவன் அங்கிருந்து பசிக்கும்போதெல்லாம் இழுத்தான். மூன்று இழுப்பு என்றால் சோறு. முதல் வாரம் ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தாள். பதினாறு வருஷப் பழக்கம், லேசில் போகுமா? எட்டாம் நாள் நாற்பது தடவை இழுத்தான். தோள் கன்றிப்போயிற்று. அவள் எழுந்து வாசல்வரை போனாள். கதவுச் சந்து வழியாக வந்த கொழுப்பு நாற்றம் முகத்தில் அடித்தது. திரும்பி வந்து ஒரு செருப்பைத் தைத்து முடித்தாள். மறுநாள் அவன் இடது கையால் சாப்பிட்டான் என்று கேள்வி.

நகராட்சி, சைக்கிள்கள் தடுக்கிவிழாமல் இருக்க, கையின் மேல் இரண்டு இடத்தில் பலகை போட்டது. நாய்கள் நக்குகின்றன, எறும்பு வரிசை போகிறது, தபால்காரர் பார்க்காமலே தாண்டுகிறார். அவள் இப்போது மெழுகையும் தானே செய்கிறாள். பதம் பார்ப்பது நகத்தால். தோளிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அவன் கட்டைவிரலில் நூலை மாட்டி, இழுத்துப் பிடித்து மெழுகு பூசுகிறாள். ஆணி அடிக்கிற வேலை மிச்சம்.

பை வாங்க வந்த ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "அருவருப்பா இல்லையா உங்களுக்கு?"

"இல்லாம என்ன? ஆனா கைதானே இங்க இருக்கு, ஆளு அங்க இருக்கான்ல" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த நூலை மாட்டினாள்.