மேற்கோளுக்குப் பத்து மதிப்பெண்

பதினெட்டு வருடம் நிருபராக அலைந்துவிட்டு இதழியல் சொல்லிக்கொடுக்க வந்தவர் அந்த ஆசிரியை. "தெருவுக்குப் போகாம எழுதினதை எங்கிட்ட கொண்டுவராதீங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

மூடிய நூற்பாலையைப் பற்றி, வேலை இழந்த மூன்று பேரிடம் பேசி எழுதிவரச் சொன்னார். முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர் ஆளுக்கு மூன்று மேற்கோளோடு வந்தார்கள். எல்லாவற்றிலும் கண்ணீர் ஆறாக ஓடியது. சந்தேகப்பட்டு, அவர்கள் குறித்திருந்த எண்களில் பத்தை அழைத்துப் பார்த்தார். ஏழு எண்கள் உபயோகத்திலேயே இல்லை. ஒன்றை எடுத்தவர் சலூன்காரர். ஆலைப் பக்கமே போனதில்லையாம்.

வகுப்பு 'தொணதொணப்பு' என்று பட்டம் கட்டிய மாணவி மட்டும் மேற்கோளே இல்லாமல் வந்தாள். மூன்று நாள் ஆலைக் குடியிருப்பில் வீடுவீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். பேசியவர் ஒரே ஒருவர்.

"ஒரு மணி நேரம் பேசினாரு மேடம். கடைசியில, 'வெளியூர்ல படிக்கிற பொண்ணுக்கு இன்னும் சொல்லல. தெரிஞ்சா படிப்பை விட்டுட்டு வந்துருவா. எதையும் போட்டுராதம்மா'ன்னு கும்பிட்டாரு. எப்படிப் போடுறது?"

கண்ணால் கண்டதை மட்டும் எழுதியிருந்தாள். ஆசிரியை இருபதுக்குப் பதினெட்டு போட்டார்.

துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். "மேற்கோளுக்கே பத்து மார்க். இதுல ஒண்ணுகூட இல்லையே?"

"மத்ததெல்லாம் புளுகு சார். நானே போன் பண்ணிப் பார்த்தேன்."

"அதுக்காக முப்பத்தொரு பேரையும் ஃபெயில் போடச் சொல்றீங்களா? காலேஜை இழுத்து மூட வேண்டியதுதான். விதிப்படி போடுங்க."

ஆசிரியை இரண்டு நாள் மல்லுக்கட்டினார். மூன்றாம் நாள், பதினெட்டை அடித்து எட்டாக்கிக் கையெழுத்துப் போட்டார்.

"நான் என்ன மேடம் தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல."

அவள் நின்று பார்த்தாள். ஆசிரியை தலையைத் தூக்கவில்லை.

அடுத்த மாதம் மருத்துவமனையைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. அவள் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தாள். மூன்று மேற்கோள், மூன்றும் நெஞ்சைப் பிசைந்தன. ஆசிரியை தொலைபேசியை எடுத்தார், வைத்துவிட்டார்.

"போனியா?"

"மார்க் போடுங்க மேடம்."

பத்தொன்பது போட்டார். மாதிரிக் கட்டுரை என்று அதை அறிவிப்புப் பலகையில் குத்தச் சொன்னார் துறைத்தலைவர். பியூனைக் கூப்பிடாமல் ஆசிரியையே போய்க் குத்தினார்.