மெழுகில் விழுந்த தழும்பு

சவரக் கத்தி தொண்டைக்கு வந்தபோது வெல்கோட் பிரபு மூச்சை அடக்கிக்கொண்டார். பதினெட்டு வருடமாக அதே கத்தி, அதே பணியாள் புரூயட். இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. இன்று அதுவே சந்தேகமாக இருந்தது. இவ்வளவு நிதானமான கை வேறு எதையெல்லாம் நிதானமாகச் செய்திருக்கும்?

நேற்று மாலை தலைமை அமைச்சர் அவர் முன்னால் ஒரு கடித உறையைப் போட்டார். அரசர் தனியறையில் சொன்ன வார்த்தைகளை யாரோ அதற்குள் எழுதி வைத்து எதிரணிக்கு அனுப்பியிருந்தார்கள். உறைமேல் வெல்கோட்டின் சொந்தக் கையெழுத்து. பிரபுக்கள் சபைக்காரன் கையெழுத்திருந்தால் கடிதத்துக்குத் தபால் கூலி கிடையாது. அதனால் எல்லாப் பிரபுக்களையும் போல அவரும் வெற்று உறைகளில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவந்தார். அந்த உறையை எவன் எடுத்தான் என்று இன்று நண்பகலுக்குள் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பதவி போகும்.

உறையை ஒட்டிய அரக்கு மெழுகில் மோதிர முத்திரை இல்லை. ஊசி குத்தாமல் விரல்நுனியில் மாட்டும் தையல் விரலுறையை அழுத்திய புள்ளிகள், ஓரத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. முத்திரை மோதிரம் இல்லாத வேலைக்காரர்கள் அப்படித்தான் ஒட்டுவார்கள். வெல்கோட்டின் காலுறைகளைத் தைப்பவன் புரூயட். அவன்தான் எடுத்தான் என்று எழுதி ஒட்டிய கடிதம் மேசையில் கிடந்தது. அதை வாங்கிப்போக அமைச்சரின் ஆள் எந்த நேரமும் வரலாம்.

"இந்த வீட்ல உனக்கு என்ன குறை, புரூயட்?"

"உங்க தாடிதான் பிரபு. தினமும் வளருது."

அவர் மனைவி ஹொனோரியா தையல் கூடையோடு உள்ளே வந்தாள். அவள் அண்ணன் சபையில் எதிரணிக்காரன். அதைப் பற்றி இந்த வீட்டில் பேசுவதில்லை.

"ஆறு உறை இருக்கு, கையெழுத்துப் போடுங்க. நாட்டுக்கு நீங்க செய்யற ஒரே உருப்படியான வேலை."

கூடையிலிருந்து உறைகளை எடுத்தபோது ஏதோ விழுந்து உருண்டு அவர் செருப்பில் முட்டி நின்றது. பித்தளை விரலுறை. ஓரத்தில் வெட்டு.

புரூயட் குனிந்து எடுத்தான். "அட, இது என்னோடதாச்சே. ஒரு மாசமா தேடுறேன் அம்மா."

"எடுத்துக்கோ," என்றாள். "எனக்கு வேலை முடிஞ்சிடுச்சு."

அவள் முகத்தில் ஒன்றுமில்லை. இருபது வருடமாக அவர் அந்த முகத்தைத்தான் நம்பினார். உண்மைப் பெயரைச் சொன்னால் பெண்டாட்டியை அடக்கத் தெரியாதவன் என்று சபையே சிரிக்கும். பதவியும் நிற்காது. பொய்ப் பெயர் மேசைமேல் தயாராக இருந்தது.

அவர் பேனாவை எடுத்தார். ஆறு உறையிலும் கையெழுத்துப் போட்டார். மேசையில் கிடந்த கடிதத்தைத் தொடவில்லை. ஹொனோரியா ஒவ்வொன்றாக எடுத்து மை காய ஊதினாள்.

கீழே வாசற்கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"தலையத் தூக்குங்க பிரபு," என்றான் புரூயட். "இன்னும் பாதி இருக்கு."

அவர் தூக்கினார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து இழுத்தது. படியில் காலடி ஏறி வந்தது. புரூயட்டின் இடது கை விரலில் பித்தளை விரலுறை மின்னிக்கொண்டிருந்தது.