மூலிகை போட்டதும் போடாததும்

மட்டாஞ்சேரியில் மிளகு மண்டி வைத்திருந்த நௌஷாத், தலைப் படர்தாமரைக்கு எண்ணெய் கண்டுபிடித்த நாளிலிருந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றுவதேயில்லை. அதில் சிந்திய சாயாக் கறையைக்கூட வருகிறவர்கள் ஆராய்ச்சியில் பட்டது என்று மரியாதையோடு பார்த்தார்கள்.

அந்த எண்ணெய்க்குச் சோதனை நடத்தியதென்னவோ அவரிடம் வேலை பார்த்த ஆஷிஃபாதான். பக்கத்துப் பள்ளுருத்தியில் தலையில் படர்தாமரை வந்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பாதிப் பேருக்கு மூலிகை எண்ணெயும் மீதிப் பேருக்கு மூலிகையே போடாத தேங்காய் எண்ணெயும் கொடுத்தாள். இரண்டில் எது யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் குணமாகாவிட்டால் தானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதாகத் தாய்மாரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

மாதம் முடிந்தது. ஒரு தலைகூட ஆறவில்லை. ஜலீலாவின் மகள் லமியாவுக்கு வீங்கிச் சீழ் பிடித்து, தொட்டால் முடி கொத்தாகக் கையோடு வந்தது.

"ரெண்டுக்கும் ஒரே பலனா?" ஆஷிஃபா சொல்லக் கேட்டு நௌஷாத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப ரெண்டையும் விக்கலாம் மோளே. ஒண்ணு சாதா, ஒண்ணு ஸ்பெஷல்."

"ரெண்டும் ஒண்ணும் பண்ணலே இக்கா. லமியாவுக்குச் சீழ் வடியுது."

"உள்ளே இருக்கிற கெட்டது வெளியே வருது. இன்னொரு மாசம் தேய்க்கச் சொல்லு."

"போன வருஷம் உங்க மகனுக்கு இதே வந்தப்ப என்ன தேய்ச்சீங்க?"

"எரணாகுளத்துல டாக்டர் மாத்திரை கொடுத்தார். அது குடும்ப விஷயம். இதுல கொண்டுவராதே."

ஆஷிஃபா பையை எடுத்தாள்.

"பள்ளுருத்திக்குப் போனா திரும்பி வராதே" என்றார் விஞ்ஞானி.

அவள் போய் நின்றபோது ஜலீலா மகளை மடியில் சாய்த்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க இத்தா. இது எண்ணெய்க்குக் கேக்காது. மாத்திரைதான் வேணும்."

ஜலீலாவின் கை நின்றது. "வலிக்குதுன்னு இவ அழுதப்ப, பொறுத்துக்கன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"மூலிகைதானே எங்களுக்குக் கிட்டியது?"

"ஆமா."

"பாக்கியம்தான்." ஜலீலா புட்டியை வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள். லமியாவின் தலையைத் துணியால் மூடி, செருப்பை மாட்டினாள்.

"முதல்ல இவளை டாக்டர்ட்ட காட்டு. பின்னே மத்த வீடுகளுக்கு நானும் வர்றேன். ஒவ்வொரு வாசல்லயும் இதையே உன் வாயால சொல்லணும். சொல்றியான்னு நான் நின்னு பாப்பேன்."