நோகாத துவக்கு

சிறிதரன் வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடத் தொடமாட்டார். ஆகவே, எந்தத் துவக்கால் ஃபெசன்ட் சுட்டால் பாவம் குறைவு என்று ஆராயும் கூட்டத்தைச் சனிக்கிழமை வைத்தார். மெல்பேர்னின் கிளென் வேவர்லியில், அவர் வீட்டு முன்னறையில், ஆட்டிறைச்சி ரோல்சுடன்.

ஃபெசன்ட் என்பது நீள வால் காட்டுக்கோழி. மெல்பேர்னுக்குத் தெற்கே, கடலுக்குள் இருக்கும் கிங் தீவில் குளிர்காலத்தில் சில நாட்கள் அதன் சேவலைச் சுட அனுமதி உண்டு. மலேசியாவிலிருந்து வந்த வீரப்பன் வருடந்தோறும் போகிறவர். துவக்குகள் அவருடையவை. 1976இல் சிறிதரனும் கூடப் புறப்பட்டார். மனைவியை இழந்து ஒரு வருடமாக அறைக்குள் கிடக்கும் சிவபாலனையும் இழுத்துக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. சிவபாலன் ஓம் என்றான். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

"பன்னிரண்டு கேஜ், இருபது கேஜ் எண்டு ரெண்டு இருக்கு," என்று சிறிதரன் தொடங்கினார். "பன்னிரண்டு சின்னன். அதையே எடுப்பம்."

"அண்ணே, நம்பர் கூடினா குழாய் சின்னது," என்றார் வீரப்பன். "பன்னெண்டுதான் பெருசு."

சிறிதரன் கணக்காளர். எண் கூடினால் பொருள் குறையும் என்பதை அவரால் உடனே ஏற்க முடியவில்லை.

"அப்ப இருபது. அதுதான் அகிம்சை."

"அதவிடச் சின்னது ஃபோர் டென்னு ஒண்ணு இருக்கு."

"அதிலை அகிம்சை இன்னும் கூடுதல். அதைக் கொண்டு வாரும்."

"சுடாமல் விட்டால் எல்லாத்தையும் விடக் கூடுதல்," என்றது குசினிக்குள்ளிருந்து ஒரு குரல். சிறிதரனின் மனைவி சந்திரவதனா. கூட்டம் அதைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

"ஐசே, நீர் எஞ்சினியர். ஒரு முடிவைச் சொல்லும்," என்று சிறிதரன் திரும்பினார்.

சிவபாலன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"சின்னக் குழாயிலை ஈயச் சன்னம் குறைவு, அண்ணை. ரெண்டு மூண்டு பட்டால் கோழி சாகாது. பத்தைக்குள்ளை ஓடிப்போய்க் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாச் சாகும். நிறையச் சன்னம் ஒரேயடியாப் படவேணும். பன்னிரண்டுதான். அதுவும் கிட்ட வந்தாப் பிறகு."

ரோல்ஸ் கடிக்கும் சத்தம் நின்றது. அவன் மனைவி யோகராணி ஆஸ்பத்திரியில் ஒரு குளிர்காலம் முழுவதும் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனாள். அந்த அறையில் அது தெரியாதவர் இல்லை.

"காயத்தோடை ஒண்டும் ஓடக்கூடாது," என்றான் சிவபாலன். "அப்பிடியெண்டால் மட்டும் வாறன்."

அந்த வருடத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பன்னிரண்டு கேஜ். தாங்கள் நிற்கும் வேலிக்கு இந்தப் பக்கம் வரும் பறவையை மட்டும் சுடுவது. வெள்ளிக்கிழமை விலக்கு.

கிங் தீவில் காற்று ஆளை நிமிர்ந்து நிற்க விடவில்லை. புல்வெளியின் கம்பி வேலியோரம் மூவரும் காத்திருந்தார்கள். வேலிக்கு அப்பால், வெகு தூரத்தில், ஒரு சேவல் படபடவென்று எழுந்தது. வீரப்பன் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவர். குழாயால் அதைத் தொடர்ந்தாரே தவிரச் சுடவில்லை. அதே நேரம் சிறிதரன், தோட்டா போட்ட தன் துவக்கைக் கம்பியில் சாய்த்துவிட்டுத் தேநீர் பிளாஸ்கைத் திறந்தார். காற்றில் துவக்கு சரிந்தது. அதன் வாய் மெதுவாக வீரப்பனின் முழங்காலைப் பார்த்துத் திரும்புவதைச் சிவபாலன் கண்டான்.

"துவக்கு! துவக்கு!" என்று கத்தினான்.

வீரப்பன் சுட்டார்.

சிறிதரனின் துவக்கு வெடிக்காமல் புல்லில் விழுந்தது. தூரத்தில் சேவலும் விழுந்தது. எழுந்தது. ஒரு சிறகை இழுத்துக்கொண்டு புல் புதருக்குள் ஓடிற்று.

"ஏன் ஐசே சுட்டனீர்?" என்றார் சிறிதரன்.

"சிவாதானே துவக்குன்னாரு. ரெண்டு தடவ."

"துவக்கெண்டால் துவக்கு, ஐசே."

"அதான், துவக்கினேன்."

"துவக்கெண்டால் உந்தக் கையிலை கிடக்கிற சாமான்!"

"இது துப்பாக்கிலா. துவக்குன்னா ஆரம்பி. உங்க ஊர்ல வேற மாதிரின்னா முன்னாடியே சொல்லணும்ல?"

துவக்கின் அளவைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசியவர்கள், அதன் பெயரைப் பற்றிப் பேசாமல் விட்டிருந்தார்கள். இப்போது பேசத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத் தமிழா, வீரப்பனின் ஈப்போத் தமிழா என்பதில் போய் நின்றது.

சிவபாலன் கம்பிகளுக்கிடையே குனிந்து அப்பால் போனான். புதர் புதராக விலக்கிப் பார்த்தான். மழை பிடித்தது. மற்ற இருவரின் குரலும் கேட்காத தூரத்தில் சேவல் கிடந்தது. அலகு திறந்திருந்தது. ஒரு கண் அவனைப் பார்த்தது. அவன் முழங்காலிட்டு இரண்டு கைகளாலும் அதைப் பிடித்தான். கொதிச் சூடு. இப்படியொரு காரியத்தை அவன் செய்ததில்லை. முதல் தடவை கழுத்தைச் சரியாகத் திருகவில்லை, அது உதைத்தது. இரண்டாம் தடவை அடங்கிற்று.

சிறிதரன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோதும் அவன் எழும்பவில்லை.

"செத்திட்டுதோ?"

"ஓம்."

"நோகாமல் போச்சுதோ?"

யோகராணி போன பிறகு அவனைக் கண்டவர்கள் எல்லோரும் கேட்டது இதைத்தான். நோகாமல் போனவவோ? எல்லோருக்கும் அவன் ஓம் என்றே சொல்லியிருந்தான். சிறிதரனுக்கும்தான். கேட்டவர்கள் நிம்மதியாகத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

"இல்லை, அண்ணை," என்றான். "நல்லா நொந்தது."

சிறிதரன் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. ஈரப் புல்லில், அவனுக்குப் பக்கத்தில், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.