ஆற்றுப் படத்து வெள்ளைக்காரர்

ஷார்ஜாவின் ரோலாவில் ஒரு பேச்சிலர் ரூமின் சுவர்ப்படத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் மீன் விழுந்தது. ஊருக்குத் திரும்பிய ஓர் ஆங்கிலேயக் குடும்பம் குப்பைத்தொட்டியருகே விட்டுப்போன பழைய அச்சுப்படம் அது. விக்டோரியா ராணி காலத்தது. ஓர் ஆறு, கரையில் தொப்பியோடு உட்கார்ந்த வெள்ளைக்காரர், கையில் தூண்டில். அதைத் தூக்கிவந்து மாட்டியவன் சோலைமுத்து. விழுந்த மீனை அன்று யாருக்குச் சமையல் முறையோ அவர்கள் குழம்பு வைத்தார்கள். முள் அதிகம், ருசி பரவாயில்லை என்பது ரூமின் அபிப்பிராயம்.

பாண்டித்துரைக்கு மட்டும் அந்தக் குழம்பு தொண்டையில் இறங்கவில்லை. அவன் தொண்டிக்காரன், அங்கே படகுத்துறையில் லாஞ்சுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். மிச்சமாகும் பெயின்டைக் கொண்டு, யாரிடமும் படிக்காமல், பிளைவுட்டில் கடல் கடலாக வரைந்து தள்ளியிருந்தான். அவற்றில் ஒன்று அதே சுவரில் பல வருஷமாகத் தொங்கியது. அதிலிருந்து ஒரு நெத்திலிகூட விழுந்ததில்லை. அதையாவது பொறுத்திருப்பான். ஊரிலிருந்து வீடியோ காலில் பேசும் அவன் மனைவி ஜோதிமணி, "போனக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க, அந்த ஆத்தப் பாக்கணும்" என்றாள். வாராவாரம் அதையே கேட்டாள். அவன் வரைந்த கடலைப் பற்றி அவள் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை.

"உக்காந்துக்கிட்டு மீன் புடிக்கிறவனெல்லாம் ஒரு ஆளா?" என்று சோலைமுத்துவிடம் கேட்டான்.

"நீ நின்னுக்கிட்டே வரஞ்சியே, என்னத்தப் புடிச்ச?" என்றான் சோலைமுத்து.

உப்புத் தண்ணீர் ஏறினால் ஆற்று மீன் செத்துவிடும் என்பதைக் கடற்கரையில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லோரும் வெளியே போயிருந்த ஒரு மதியம், தன் கடலின் விளிம்பிலிருந்து சுவர்மேலேயே லாஞ்சு நீலத்தால் ஒரு வாய்க்கால் இழுத்து ஆற்றில் சேர்த்தான். சாயங்காலத்துக்குள் ஆறு உப்பாகி, மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. வெள்ளைக்காரர் ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வாய்க்காலோரமாக நடந்துவந்து, பாண்டித்துரையின் கடலில் காலியாகக் கிடந்த படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ரூம்காரர்கள் பாண்டித்துரையைத் திட்டிவிட்டு, மார்க்கெட்டில் மத்தி வாங்கினார்கள்.

அன்றைக்கும் ஜோதிமணி கூப்பிட்டாள். கலங்கிக் கிடந்த ஆற்றைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். பிறகு அவள் பார்வை பக்கத்துப் படத்துக்குப் போனது.

"படகுல இருக்கவரு கண்ணு அப்புடியே உசுரோட இருக்குங்க. நீங்களா வரஞ்சீங்க?"

கல்யாணமான பிறகு அவன் படத்துக்கு அவளிடமிருந்து கிடைத்த முதல் பாராட்டு. அதுவும் அதில் அவன் வரையாத ஒரே ஆளுக்கு. பாண்டித்துரை போனைப் படகுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனான்.

"நாந்தான்" என்றான்.

வெள்ளைக்காரர் மறுக்கவில்லை. படகில் வசதியாக நகர்ந்து உட்கார்ந்து தூண்டிலைப் போட்டார்.