பன்னிரண்டாவது சட்டை

பதினோராவது சட்டையும் கறை போய்த் தொட்டியில் வெள்ளையாக மிதந்தது. சோப்பு விளம்பர இயக்குநருக்கு இன்னும் திருப்தியில்லை. மனைவியாக நடிப்பவளின் முகத்தில் பயம் போதவில்லையாம். சட்டையில் காபியைக் கொட்டிக்கொண்டவன் கணவன். நடுங்க வேண்டியவள் அவள்.

மிச்சமிருந்த ஒரே சட்டையில் கறைக்காரி கறை தடவினாள். படப்பிடிப்பில் அவளுக்கு அதுதான் பெயர், அதுதான் வேலை. வேதியியல் படித்தவள். சோளமாவுக் கூழில் சாயம் கலந்து அவள் போடும் கறை கேமராவுக்குக் கன்னங்கரேலென்று தெரியும். காயாமல் இருந்தால் ஒரு முக்கு முக்கினாலே ஓடிவிடும். ஏழு வருடமாக அவள் போட்ட கறைக்கெல்லாம் யாரோ ஒருத்தி முறைப்பு வாங்கினாள். இன்று காலையில்தான் கறைக்காரி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"சார், கொட்டினவரே துவைக்கிற மாதிரி எடுத்தா என்ன?"

"நீ கறை மட்டும் போடும்மா, கதை போடாத."

எல்லாரும் சிரித்தார்கள். காதுமடல் சுட, அவள் வாளிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

விளக்குச் சூட்டில் ஒத்திகை இழுத்துக்கொண்டே போனது. "இன்னும் பயப்படும்மா." துணியில் கூழ் காய்ந்து இறுகுவதைக் கறைக்காரி பார்த்தாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கேமரா ஓடியது. நடிகை முக்கினாள், கசக்கினாள், தேய்த்தாள். கறை குத்துக்கல் மாதிரி அப்படியே இருந்தது.

"என்னம்மா இது? உன் மருந்துல ஒரு சொட்டு விட்டுத் தொலை" என்றார் இயக்குநர்.

காய்ந்த கறையைக் கரைக்கும் மருந்துக்குப்பி கறைக்காரியின் கையில்தான் இருந்தது. விட்டால் கறை போகும். விடாவிட்டால் வேலை போகும். குப்பியின் மூடியை இறுக்கித் திருகினாள்.

"மாட்டேன் சார். கொட்டினவர் தேய்க்கட்டும்."

அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. நடிகை எழுந்தாள். இடுப்பில் கைவைத்து முறைத்துக்கொண்டு நின்ற கணவன் கையில் ஈரச் சட்டையைத் திணித்தாள்.

"இந்தாங்க. நானா கொட்டினேன்?"

இயக்குநர் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த சோப்புக் கம்பெனி மேலாளரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஓடட்டும் சார், ஓடட்டும். இத எங்க வீட்டுக்காரர் பாக்கணும்."

தூக்கிய கை மெதுவாக இறங்கியது. கணவன் வேறு வழியில்லாமல் தொட்டிமுன் குந்தினான். இரண்டு நிமிடத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"இது எப்பம்மா போகும்?"

"அழுத்தித் தேயுங்க சார். போகும்" என்றாள் கறைக்காரி.

நடிகை சோபாவில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். முழங்கைவரை நுரையோடு அவன் தேய்த்துக்கொண்டிருக்க, கேமரா மெல்ல மெல்ல அந்தக் கைகளை நெருங்கிப் போனது.