ராக்கப்பன் அடைத்த சுவர்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கொத்தனாரின் யோக்கியதையை அறிய யாரும் படித்திருக்க வேண்டியதில்லை. விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டு தட்டினால் போதும். திண்ணென்று சத்தம் வந்தால் நல்லவன். டொக்கென்று வந்தால் செங்கலையும் சாந்தையும் தின்று ஏப்பம் விட்டவன். இங்கே கொச்சங்காடியில் பால் காய்ச்சும் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், பாலைக் குடிக்கும் முன்பே சுவரைத் தட்டிப் பார்த்துவிடுவார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக இங்கே கரணை பிடித்த ராக்கப்பனின் சுவர் ஒன்றுகூட இதுவரை டொக்கென்று பேசியதில்லை. அந்த மனுஷனுக்கு நிலம் கிடையாது, நகை கிடையாது. இந்தப் பேர் ஒன்றுதான் உண்டு.

அப்படிப்பட்டவரிடம் போய், வேண்டுமென்றே உள்ளே வெற்றாக, பொள்ளையாக ஒரு சுவர் கட்டச் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்?

சொன்னவர் ராமபத்ரன். திருப்பூணித்துறைக்காரர், வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவர். அது எழுபத்தொன்பதாம் வருஷம். கொச்சங்காடியில் சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால், தகரக் கூரைக்கு அடியில் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் வெந்துகொண்டிருந்தன. மூட்டை தூக்குகிறவர்கள், சுக்குப் பொறுக்குகிறவர்கள், கார்ப்பரேஷனில் குப்பை அள்ளுகிறவர்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அவர்கள் சங்கம் சேர்ந்து, இடிந்து கிடந்த ஒரு பழைய கிடங்கை இடத்தோடு வாங்கியிருந்தார்கள். வீடு கட்ட அரசாங்கத் திட்டம் ஒன்று உதவுவதாக இருந்தது. அதில் கிடைக்கும் தொகையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நாலு வீடுதான் எழும்பும் என்று காண்டிராக்டர்கள் கையை விரித்தார்கள். ராமபத்ரன் மட்டும், எட்டு வீடும் கட்டலாம், எட்டும் குளிர்ச்சியாக இருக்கும் என்றார்.

வந்த முதல் மூன்று நாள் அவர் எதையும் அளக்கவில்லை. மனையின் மூலைக்கு மூலை ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். படித்த மனுஷர் இவ்வளவு பூஜை பண்ணுகிறாரே என்று எல்லாரும் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று. எந்த நேரத்தில் எங்கிருந்து காற்று வருகிறது என்பது அந்தப் புகையில் தெரிந்துவிட்டது. பிறகு ராக்கப்பனின் தங்கை மாயம்மாளைக் கூப்பிட்டு, மத்தியானம் மூன்று மணிக்குச் சூடு தாங்காமல் எங்கே போய் உட்காருவாள் என்று கேட்டார். அவள் பலா மரத்தடியைக் காட்டினாள். அந்த மரத்தை வெட்டாமல், வரைபடத்தில் நாலு வீட்டை அதைச் சுற்றித் திருப்பிப் போட்டார்.

இடிந்த கிடங்கிலிருந்து ஒரு துண்டுகூட வெளியே போகவில்லை. வெட்டுக்கல் அஸ்திவாரத்துக்குப் போனது, உத்தரம் கதவு நிலையானது. உடைந்த ஓடுகளைக் காங்கிரீட்டுக்குள் வரிசையாகப் புதைத்துக் கூரை வார்த்தார்கள். சிமென்டுக்குப் பெர்மிட்டை வாங்கிக்கொண்டு ஊரே நாயாய் அலைந்த காலத்தில், அவர் சுண்ணாம்பையும் செங்கல் தூளையும் அரைத்து வேலையை நடத்தினார். "இந்தக் கிடங்கு முழுக்க வீடுதன்னே ராக்கப்பா. பிரிச்சு அடுக்கணும், அவ்வளவே உள்ளு" என்பார். ராக்கப்பனுக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போனது. கையளவு பொருளையும் வீணாக்காத மனுஷனைப் பார்த்தால் எந்த வேலைக்காரனுக்குத்தான் பிடிக்காது?

சுவருக்கு வந்தபோதுதான் முட்டிக்கொண்டது. செங்கலைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் இரண்டு வரிசையாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டச் சொன்னார் ராமபத்ரன். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பேர். செங்கலில் நாலில் ஒரு பங்கு மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலை வீட்டுக்குள் விடாது. இந்த மிச்சமும் சேர்ந்தால்தான் நாலு வீடு எட்டு வீடாகும்.

"சாரே, இது களவு" என்றார் ராக்கப்பன் நேராகவே. "தட்டினா டொக்குன்னு கேக்கும். காறித் துப்புவாங்க."

"களவு இல்லா, காத்து" என்று சிரித்தார் ராமபத்ரன். "செங்கல்லுக்குக் காசு வேணும். காத்துக்கு வேண்டா. மனசிலாயோ?"

ராக்கப்பன் தலையை ஆட்டினார். மண்டைக்குள் போயிற்று, மனசுக்குள் போகவில்லை.

மாதிரியாக ஒரு வீடு முதலில் எழும்ப வேண்டும். திட்டத்தின் இஞ்சினியர் வெங்கிடாசலம் வந்து சோதிப்பார். உறுதியாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தால் மற்ற ஏழுக்கும் கையெழுத்து. இல்லையென்றால் பழையபடி ஆஸ்பெஸ்டாஸ்தான், நாலு குடும்பத்துக்குத்தான். அந்த முதல் வீடு யாருக்கென்று சங்கம் கூடிப் பேசி, புருஷனை இழந்து இரண்டு பெண்பிள்ளைகளோடு நிற்கும் மாயம்மாளுக்கு என்று முடிவு செய்தது. வினையும் அங்கேதான் பிறந்தது.

மேற்குச் சுவர் ஆளுயரம் வந்தபோது ராக்கப்பன் அதை விரலால் தட்டிப் பார்த்தார். டொக். யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. இடவப்பாதி மழை பிடித்து இந்தப் பொள்ளைச் சுவர் சரிந்தால் யார் மேல் விழும்? அந்தப் பக்கம் பாயை விரித்துப் படுக்கும் மாயம்மாள் மேலும் அவள் பெண்கள் மேலும்தான். மறுநாளிலிருந்து ஒரு வாரம் ராமபத்ரன் ஊரில் இல்லை. மத்தியானம் எல்லாரையும் சாயா குடிக்க அனுப்பிவிட்டு, ராக்கப்பன் செங்கல் உடைசலையும் சாந்தையும் குழைத்துச் சுவரின் வயிற்றுக்குள் இறக்கினார். இப்படி ஒரு வாரம், வரிசைக்கு வரிசை. அடுக்களைப் பக்கத்துப் பாதியை விட்டுவிட்டார். அங்கே யாரும் தூங்கப் போவதில்லை. படுக்கை அறைப் பாதியை மட்டும் கழுத்து வரை அடைத்து மூடினார். தட்டிப் பார்த்தார். திண்ணென்றது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார், பாவி மனுஷன். உலகத்தில் செங்கலைத் திருடி மாட்டிக்கொண்ட கொத்தனார் ஆயிரம் பேர் உண்டு. செங்கலைத் திருட்டுத்தனமாகக் கூடுதலாக வைத்தவர் இவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

சித்திரை வெயில் கொளுத்தும் மேட மாதத்தில் வீடு முடிந்தது. ராமபத்ரன் படுக்கை அறையில் ஒரு தெர்மாமீட்டரும் வெளியே பலா நிழலில் ஒன்றும் தொங்கவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டையும் பார்த்து நோட்டில் குறித்தார். மறுநாளும் பார்த்தார். மூன்றாம் நாள் நோட்டை மூடி வைத்துவிட்டு, வராந்தாவில் சும்மா உட்கார்ந்துவிட்டார். அறை கொதித்துக்கொண்டிருந்தது.

தரை கழுவ வந்த மாயம்மாள்தான் அதைக் கண்டுபிடித்தாள். "அண்ணே, இது என்ன கூத்து? அடுப்பு வைக்கிற எடம் குளுகுளுங்குது. படுக்குற அறை தீயாக் கொதிக்குது. சாருக்கு எடம் மாறிப்போச்சா?"

 அவள் போன பிறகு ராக்கப்பன் அடுக்களைச் சுவரில் கையை வைத்தார். பிறகு அறைச் சுவரில் வைத்தார். ஒரே சுவர், ஒரே வெயில். கையை எடுத்துவிட்டார். அவருக்கு இப்போது மனசுக்குள்ளும் போயிற்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம்.  இருபது வருஷப் பேர் நாக்கைப் பிடித்துக்கொண்டது. அதைவிட மோசம், அன்று சாயங்காலம் ராமபத்ரனே அவரிடம் வந்தார். அந்த மனுஷனின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"ராக்கப்பா, எண்ட கணக்கு தெற்றிப்போயி, தப்பாப்போச்சு. எவிடெயாணென்னு தெரியலை. வெள்ளியாழ்ச்ச இஞ்சினியர் வரும்போ ஞான் தன்னே சொல்லும். நிங்களுக்கு ஒரு குறையும் இல்லா. நல்ல வேலை."

சரியாகக் கட்டினாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கவில்லை. வேறெந்த ஆபீசராக இருந்தாலும் முதலில் கொத்தனாரின் சட்டையைப் பிடித்திருப்பான். இவர் தன் தலையைத் தானே கொண்டுபோய் நீட்டுகிறார்.  அப்போதும் ராக்கப்பன் உண்மையைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. எட்டுக் குடும்பமும் வேலைக்குப் போகாமல் பலா மரத்தடியில் கூடிவிட்டது. வெங்கிடாசலம் பாலக்காட்டுத் தமிழர், அதிகம் பேசாதவர், சல்லிக் காசு தொடாதவர் என்று பேர் வாங்கியவர். காலையிலேயே கூரைமேல் மணல் மூட்டைகளை ஏற்றச் சொன்னார். மூட்டை ஏற ஏற ராக்கப்பன் அடுக்களைப் பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார். பொள்ளைச் சுவர் மயிரிழைகூட விரியவில்லை. செங்கலும் சாந்தும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்றை வைத்துக்கொண்டு அத்தனை பாரத்தையும் அது அலட்டிக்கொள்ளாமல் தாங்கியது. தன் தங்கைமேல் விழும் என்று தான் பயந்த சுவர் இதுதானே என்று நினைத்தபோது, ராக்கப்பனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சாக்கும் மிச்சமில்லை. அதே நேரம், சொல்லக்கூடாதுதான், அந்தச் சுவரின் அழகில் அவர் மயங்கியும் போனார்.

ஐந்து மணிக்கு எல்லாரும் படுக்கை அறைக்குள் போனார்கள். வெங்கிடாசலம் தெர்மாமீட்டரைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "என்ன ராமபத்ரன், இது குளிர்ச்சியா?"

ராமபத்ரன் நோட்டைத் திறந்தார். "சார், எண்ட கணக்கு..."

"நிறுத்துங்க சாரே!"

ராக்கப்பன் போட்ட சத்தத்தில் வெளியே நின்றவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் சுத்தியலையும் உளியையும் எடுத்துச் சுவரின் நடுவில் வைத்து ஓங்கி அடித்தார். நாலு அடியில் ஒரு செங்கல் கழன்றது. உள்ளே காற்றில்லை. கெட்டியாக உடைசலும் சாந்தும்.

"கணக்கு தப்பலை. என் கைதான் தப்பு. நீங்க இல்லாதப்ப நான்தான் அடைச்சேன். மழையில சரிஞ்சு தங்கச்சி மேல விழுமோன்னு பயந்து இந்தப் பக்கம் மட்டும். அடுக்களைப் பக்கம் சார் சொன்னபடி இருக்கு. அங்க வந்து தொட்டுப் பாருங்க."

வெங்கிடாசலம் அடுக்களைக்குப் போனார். உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து இந்தச் சுவரில் வைத்தார். மறுபடி அங்கே போனார். தெர்மாமீட்டரை அவரே கழற்றிக்கொண்டுபோய் அடுக்களையில் மாட்டி, கால் மணி நேரம் காத்திருந்தார். பாதரசம் இறங்கிய இடத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது.

"ஒரே சுவர். பாதி அடைச்சது, பாதி அடைக்காதது. இதைவிட நல்ல சாட்சியை யாரும் எனக்குக் காட்டினதில்லை" என்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு நின்றார். "ஆனால் அடைச்சிருக்கே, அதை என்னன்னு எழுத?"

ராமபத்ரன் முந்திக்கொண்டார். "பரிசோதனைக்கு வேண்டி ஒரு பாதி நிறைச்சதாணு சார். ஞான் சொல்லிச் செய்யிச்சதாணு. அங்ஙனே எழுதிக்கோளூ."

ஒரு கொத்தனாரின் பேரைக் காப்பாற்ற அந்த மனுஷன் கண்ணைச் சிமிட்டாமல் பொய் சொன்னார். ராக்கப்பன் பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"வேண்டாம் சாரே" என்றார் ராக்கப்பன். "பொள்ளையாக் கட்டுறது பொய்யின்னும் நெனச்சுத்தான் இதை அடைச்சேன். இப்ப அதுமேல ஒரு பொய்யைப் பூசினா அப்புறம் நான் எதுக்கு அடைச்சேன்? ராக்கப்பன் தப்பாக் கட்டினதுன்னே எழுதுங்க. பேரோட எழுதுங்க."

வெங்கிடாசலம் அப்படியே எழுதினார். மேற்குச் சுவரின் வடபாதி, கொத்தனார் ராக்கப்பனின் பிழை. தென்பாதியே சரியானது. மற்ற ஏழு வீடுகளையும் தென்பாதியைப் போலவே கட்டலாம். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் ராக்கப்பனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வாசலில் ஒரே ஆரவாரம். ராமபத்ரன் மாயம்மாளிடம் வந்து, அடுத்துக் கட்டும் வீட்டை அவளே எடுத்துக்கொள்ளட்டும், இந்தச் சூட்டு வீட்டுச் சுவரைப் பிரித்துக் கட்டி, பிறகு வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்கலாம் என்றார். அவள் கழன்ற செங்கலின் ஓட்டைக்குள் கையை விட்டு, உள்ளே நிறைந்திருந்த உடைசலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இதுதான் வேணும் சாரே. நாங்க செத்துப்போவோம்னு பயந்து எங்கண்ணன் அடைச்ச செவரு. இன்னொரு வீட்டுல இப்படி ஒண்ணு கெடைக்குமா? வெளியில கம்பு நட்டு ஒரு பொடலைப் பந்தல் போட்டு விட்டுட்டா வெயிலு செவத்துல எங்க படும்? காயும் ஆச்சு, நெழலும் ஆச்சு."

ராமபத்ரன் வாயைப் பிளந்தபடி அவளைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து வரைபடத்தை எடுத்து, தரையிலேயே விரித்து, மேற்குச் சுவருக்கு வெளியே பென்சிலால் ஒரு பந்தலை வரைய ஆரம்பித்தார். ஒரு வீட்டுக்கு மட்டுமல்ல, எட்டுக்கும்.

ராக்கப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, எல்லார் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதார். மாயம்மாள் அவர் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தாள்.